கோளாறு கிடாரில் இல்லை

துணி காயப்போடுகிற கிளிப்பை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கிடாரின் தலையில் அதைக் கவ்வ வைத்துவிட்டுக் கம்பியைத் தட்டினால், பாதித் தீப்பெட்டி அளவுள்ள திரையில் ஒரு முள் துள்ளி எழும். சுருதி சரியாக இருந்தால் முள் நடுவில் நிற்கும், திரை பச்சையாகும். கூடினாலோ குறைந்தாலோ முள் ஒரு பக்கம் சாய்ந்து சிவப்பு எரியும். ட்யூனர் என்பார்கள். மனிதரைப் பயமுறுத்த எத்தனையோ பெரிய இயந்திரங்கள் உண்டு. ஸ்கேன் எடுக்கிற இயந்திரம் குகை மாதிரி ஆளையே விழுங்கும். என்னை வாழ்க்கையில் அதிகமாகப் பயமுறுத்தியது இந்தக் கிளிப்தான். பழனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு டீக்கடை பெஞ்சில், அது எனக்குப் பச்சை காட்டியது. சிவப்பு காட்டியிருக்கக் கூடாதா என்று இன்றுவரை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஹீட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எது வந்தாலும் பிரிப்பேன். பாதி வயது மின்சாரத்தோடு குடும்பம் நடத்தியவன் என்றாலும், மெயினை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு, வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டுதான் ஸ்குரூ டிரைவரை நீட்டுவேன். ஒருமுறை டார்ச் லைட்டைப் பழுது பார்க்கவும் மெயினை அணைத்திருக்கிறேன். "பாய் கடையில லைட்டு போச்சுன்னா கரண்டு கட்டு இல்லப்பா, பாய் சோலி பாக்குறாருன்னு அர்த்தம்" என்று மாமா பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மாமா என்றால் சொந்த மாமா இல்லை. எங்கள் ஊரில் மாமன் மாப்பிள்ளை ஆவதற்குப் பெண் கொடுத்துப் பெண் எடுக்க வேண்டியதில்லை. சேர்ந்தாற்போல் ரெண்டு டீ குடித்தால் போதும். அவர் சர்ச்சுக்காரர், நான் பள்ளிவாசல்காரன், என்னை விடச் சில வயது மூத்தவர். டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். சீசனில் சனிக்கிழமை மாலை என்றால் வட்டக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் எலக்ட்ரிக் கிடாரோடு உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு காலை அதே கிடார் சர்ச்சில் இருக்கும். முந்தின நாள் பீர் பாட்டில்களுக்கு நடுவே ஆடிய விரல்கள், மறுநாள் தோத்திரப் பாட்டுக்கு அப்படி ஒரு பவ்யத்தோடு நகரும். ஊருக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுக்காரன் விட்டுவிட்டுப் போன சிவப்புக் கிடார் அது. ஒயர் மாட்டுகிற இடம் ஆடுகிறது என்று பற்ற வைப்பதற்காக என் கடைக்கு வந்தார். மெயினை அணைத்துவிட்டுப் பற்ற வைக்கப் போனேன். சால்டரிங் அயர்ன் எப்படிச் சுடும் என்று அவர்தான் கேட்டார். அன்றைக்கே மாமா ஆகிவிட்டார்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கிடாரைச் சரிபார்ப்பதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. கம்பியைச் சும்மா தட்டினால் சுருதி சரியாக இருக்கும்; அதே கம்பியைப் பாதி நீளத்தில், பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தித் தட்டினால் அதே சுரம் ஒரு படி மேலே கேட்க வேண்டும். சில சமயம் மயிரிழை ஏறிக் கேட்கும், சில சமயம் இறங்கிக் கேட்கும். கிடாரின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கம்பியும் ஒரு குட்டி இரும்புத் துண்டின்மேல் உட்கார்ந்திருக்கும். சேடில் என்று பெயர். ஏறிக் கேட்டால் ஸ்குரூவைத் திருகிச் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னால் கொண்டுவர வேண்டும். மறுபடி சும்மா தட்டிச் சுருதி சேர்த்து, மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். ஆறு கம்பிக்கும் இதே பாடு. பொறுமை இல்லாதவன் பாதியில் எழுந்து போய்விடுவான்.

இதில் மாமாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அழுத்துவது அவர் விரல், ஸ்குரூ என் கை, முள்ளைப் பார்ப்பது என் கண். கழுத்துப் பக்கம் என் விரல் படவே கூடாது. "எவன் வாசிக்கிறானோ அவன் அழுத்துற அழுத்தத்துக்குத்தாம்லே செட் பண்ணணும். நீ பூனை மாதிரி அழுத்துவ, நான் கியர் போடுற மாதிரி அழுத்துவேன். ரெண்டும் ஒண்ணாகுமா?" ஜீப் ஸ்டியரிங்குக்கும் அதே சட்டம்தான். சொந்தத் தம்பி கேட்டும் கொடுத்ததில்லை. இந்த இரண்டையும் வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து நேரே கடைக்கு வந்தார். "மாப்ளே, சுருதி ஏறிக் கெடக்கு. பாதிரியாரே திரும்பிப் பாக்குறாரு" என்றார். சரி பண்ணினோம். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் வேறொரு கம்பி. கொடைக்கானலில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. இங்கே எது கெட்டாலும் பனிதான் காரணம். கதவு மூடவில்லையா, பனி. உப்பு கட்டிப்போச்சா, பனி. கல்யாணப் பேச்சு முறிந்தால்கூடப் பனியைக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவோம். மரம் ஈரம் குடித்துக் கழுத்து வளைந்திருக்கும் என்று நான் சொன்னேன், அவரும் தலையாட்டினார். கிடாரை என் கடையில் ஹீட்டர் பக்கத்தில் துணி போர்த்திப் படுக்க வைத்தோம். பிரசவித்தவளைக்கூட எங்கள் வீட்டில் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று என் மனைவி சொன்னாள். கம்பி மாற்றினோம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளுக்குப் பாதை காட்டுகிற வெள்ளைத் துண்டை மாற்றினோம். அவர் அழுத்தினால் முள் வலப்பக்கம் ஓடியது. ஒரே கம்பியை ஒரே இடத்தில் மூன்று தரம் அழுத்தினால் மூன்று இடத்தில் நின்றது. கடைசியில் சேடில்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அந்த மழைக்காலத்தில்தான் ஜீப்பின் கியரும் இறுகிவிட்டதாகச் சொன்னார். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெண்ணெய் மாதிரி விழுதுண்ணே" என்றானாம். "அவனுக்கு என்ன தெரியும்" என்றார் மாமா. பனியில் ஆயில் கெட்டியாகிவிடும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். நம் ஊர் வண்டிகளில் கியர் இடது கையில். கிடாரை அழுத்துவதும் இடது கையில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மூளை இல்லாமல் இல்லை. சேர்த்துப் பார்த்தால் என்ன வரும் என்ற பயத்தில், மெயினை அணைப்பதுபோல மூளையை அணைத்து வைத்திருந்தேன்.

யோசனை அவருடையதுதான். பழனியில் சாமி பார்க்கப் போகிற ஒரு குடும்பத்தை அடிவாரத்தில் இறக்கிவிடுகிற சவாரி வந்தது. "கீழ பனியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. காஞ்ச வெயில்ல வச்சுப் பாத்தாத் தெரிஞ்சு போகும்லே. வெள்ளனே கெளம்பிரணும், வெரசா வா" என்றார். நான் முன் சீட்டில், கிடார் என் மடியில். பின்னால் பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் ஐந்து பேர். மலை இறங்குகையில் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் கூச்சல் போட்டார்கள். நான் கூச்சல் போடவில்லை. மாமாவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கியர்க் குமிழை விரலால் பிடிக்கவில்லை. மணிக்கட்டால் முட்டித் தள்ளினார். ஒரு கொண்டை ஊசி வளைவில் கியர் விழாமல் ஜீப் கொஞ்ச தூரம் தன்பாட்டுக்கு ஓடியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து கியரை அடித்தார். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி நிதானத்துக்கு வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குத் தெரிந்த எல்லா ஓதலையும் ஓதி முடித்துவிட்டு, தெரியாததையும் ஓத ஆரம்பித்திருந்தேன்.

பழனியில் அவர்களை இறக்கிவிட்டு டீக்கடைக்கு வந்தோம். வெயில் பெஞ்சைச் சுட்டது. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய இரண்டு பேர் கிடாரைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றார்கள். "அண்ணே, முருகன் பாட்டு ஒண்ணு வாசிங்க" என்றார் ஒருவர். "இருங்க சாமி, முருகனுக்கே இப்ப சுருதி பத்தாது" என்றார் மாமா. ட்யூனரைக் கவ்வ வைத்தேன். கம்பியைச் சும்மா தட்டினார், பச்சை. பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தினார். முள் வலப்பக்கம் ஓடிச் சிவப்பானது. நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவர் இன்னொரு தரம் அழுத்தினார், வேறு இடத்தில் சிவப்பு. இன்னொரு தரம். நெற்றி வியர்த்திருந்தது. பழனி வெயிலுக்கு அத்தனை வியர்வை வராது.

அப்புறம் கிடாரைத் தூக்கி என் மடியில் வைத்தார். "நீ அழுத்து மாப்ளே."

"நானா? எனக்கு எங்க மாமா..."

"அழுத்துலே."

என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கழுத்தைப் பிடித்தேன். இத்தனை நாள் மிக்ஸி பிரித்த விரல், சங்கீதம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற விரல். அதை வைத்துப் பன்னிரண்டாவது கட்டையில் அழுத்தித் தட்டினேன். முள் எழுந்து நடுவில் நின்றது. பச்சை. பயந்துபோய் அடுத்த கம்பியை அழுத்தினேன். பச்சை. சிவப்பு வரட்டும் என்று வேண்டுமென்றே விரலைத் தளர்த்தி அழுத்தினேன், அதுவும் பச்சை. ஆறு கம்பியும் என் விரலுக்கு அப்படி அடங்கி நின்றன. "நல்லா கேக்குதே" என்றார் மொட்டைக்காரர்.

எனக்குப் பேச்சு வந்தது. பயம் வந்தால் எனக்குப் பேச்சும் வந்துவிடும். "மாமா, இந்த ட்யூனர் சைனாக்காரன் செஞ்சது. அவன் கண்டதுக்கும் பச்சை காட்டுவான்" என்றேன். அவர் கிடாரைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காலைல பின்னாடி அஞ்சு புள்ளைகள்லே" என்றார். டீ ஆறிப் போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஜீப் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "மேல நீ ஓட்டு."

பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பழைய கார் ஓட்டுகிறவன் நான். அதையும் எதிரில் மாடு வந்தால் நிறுத்திவிட்டு மாடு போனபின் எடுப்பேன். மலைப்பாதையில் ஜீப் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வளைவில் வைப்பரைப் போட்டுவிட்டேன். வெயிலில் அது கண்ணாடியை வறட்டு வறட்டென்று தேய்த்தது. அணைக்கப் போனால் ஹெட்லைட் எரிந்தது. பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இன்னொரு பஸ், எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்ட ஹாரனில் ஒரு கச்சேரியே நடத்தினார்கள். "ஊர்வலமா போறோம்லே, பந்தல் ஒண்ணுதான் கொறச்சல்" என்றார் மாமா. கிடாரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி அதன் தலையில் தாடையை வைத்திருந்தார். நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஓட்டியிருக்க மாட்டேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் மெதுவாகச் சொன்னார்: "எஞ்சின் சத்தத்தக் கேளு மாப்ளே. அதுவே கேக்கும். கேக்குறப்பக் கியரக் குடு. இப்பம் கேக்குது பாரு. குடு." நான் கொடுத்தேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. பெருமாள்மலை வந்தபோது பனி இறங்கியிருந்தது. "வீட்டுல நானே சொல்லிக்கிறேன்" என்றார். மறுநாளிலிருந்து அவர் ஜீப்பைத் தொடவில்லை.

மதுரையில் ஒரு டாக்டர் மாமாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றியிருப்பதைக் காட்டினார். நரம்பு நோய், கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது, மருந்து இல்லை. இதைச் சொல்ல அவர் நல்ல வார்த்தைகளாகத் தேடினார், பாவம். வெளியே வந்ததும் மாமா, "அந்த ஆளு ஒரு மணி நேரம் பாத்தத டீக்கடையில நீ ஒரே அமுக்குல பாத்துட்டியேலே" என்றார். நான் சிரித்தேன். ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். வாட்ச்மேன் வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் மாமா கிடாரோடு வந்தார். ஜீப் இல்லாததால் தோளில் மாட்டி நடந்து வருவார். இனிமேல் கிடாரைச் சரி பண்ண வேண்டியதில்லை, அவருக்குத் தக்கபடி பண்ண வேண்டும். மிக மெல்லிய கம்பி போட்டேன். கம்பியைக் கட்டையோடு ஒட்டுகிற மாதிரி இறக்கினேன். விரலில் பலமில்லாததால் அவர் முழங்கையால் இழுத்துக் கம்பியைப் பக்கவாட்டில் கொண்டுபோய்த்தான் அழுத்துவார், அப்போது சுருதி ஏறும். எந்த விரல் எவ்வளவு ஏற்றுகிறதோ அந்த அளவுக்குச் சேடிலைப் பின்னால் தள்ளினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செட்டிங். வேறு யார் வாசித்தாலும் சுருதி இறங்கித் தொங்கும். உலகத்தில் அந்தக் கிடாரைச் சுத்தமாக வாசிக்க ஒரே ஒருவரால்தான் முடியும். சர்ச்சில் அவர் வாசிப்பதைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன். பாதிரியார் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அடுத்த மாதம் வரும்போது அந்தக் கணக்கு மாறியிருக்கும். சுண்டு விரல் போயிருக்கும், மோதிர விரல் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும், பிறகு அதுவும் ஓய்ந்துவிடும். டாக்டர் எப்போதாவது பார்த்ததை நான் ஸ்குரூ திருகுகிற ஒவ்வொரு தரமும் பார்த்தேன். அரைத் திருகு, முக்கால் திருகு. ஒரு நாள் மூன்றாவது கம்பியின் ஸ்குரூ முடிந்துவிட்டது, சேடிலுக்குப் பின்னால் போக இடமில்லை. "ரோடு முடிஞ்சிருச்சா மாப்ளே?" என்றார். "டெட் என்டு மாமா" என்றேன். "சரி. ரிவர்ஸ் எடுக்க நமக்குத் தெரியாது. எறங்கிக்கிருவோம்" என்றார். அதோடு அழுத்துவதை விட்டார்.

பிறகு, அழுத்தாமலே தட்டினால் ஒரே இசைவாக ஒலிக்கிறபடி ஆறு கம்பியையும் சுருதி சேர்க்கச் சொன்னார். கட்டிலில் சாய்ந்துகொண்டு வலது கையால் தடவிக்கொண்டிருப்பார். அந்தக் கையும் ஓய்ந்தபின், பேச்சும் குழறியபின், நான் போய்ச் சுருதி சேர்ப்பேன், அவர் கேட்பார். கூட்ட வேண்டுமென்றால் புருவத்தை உயர்த்துவார். குறைக்க வேண்டுமென்றால் கண்ணைத் தாழ்த்துவார். சரியாக வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். காது மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது. அந்த நாட்களில் ட்யூனரைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போவேன். ஒரு மாலை எல்லாக் கம்பியும் சேர்ந்து, கண்ணை மூடினார். வேண்டுமென்றே ஒரு கம்பியை லேசாக இறக்கினேன். திறந்து, "ஏலே" என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

மாமா போன பிறகு கிடார் வீட்டுச் சுவரில் கிடந்தது. மாமாவின் மனைவி, எனக்கு அக்கா, அதைத் துடைத்து வைப்பார், இறக்க மாட்டார். சர்ச்சில் இருந்து இரண்டு தரம் வந்து கேட்டு, இறக்கி வாசித்துப் பார்த்தார்கள். யார் எடுத்துத் தட்டினாலும் அபசுரமாகக் கேட்டது. போன வாரம் அக்காவே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "யாராலயும் இதை வாசிக்க முடியலையாம் தம்பி. கொடுக்கவும் மனசில்ல, சும்மா வச்சிருக்கவும் மனசில்ல. சரி பண்ணி வைங்க, பெறகு பாத்துக்கிருவோம்" என்றார்.

மேசைமேல் வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? மெயினை அணைத்தேன். கம்பி மாற்றுவதற்கு! பக்கத்துக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சேடில்கள் ஆறும் நான் விட்ட இடத்திலேயே, பின்னால் தள்ளி, வரிசையில்லாமல் நின்றன. இது முதல் விரல், இது நடுவிரல் என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம் என்று போனை எடுத்தேன், பிறகு பையில் போட்டுக்கொண்டேன். போட்டோவில் அது ஆறு இரும்புத் துண்டாகத்தான் இருக்கும். ஸ்குரூ டிரைவரை வைத்தேன். சாதாரணக் கம்பி, சாதாரண உயரம், என் விரல். ஒரு கம்பியாவது அடம்பிடிக்கும், நாலு நாள் இழுக்கலாம் என்று எதிர்பார்த்தேன். டீ வருவதற்குள் ஆறும் சரியாகிவிட்டன. எத்தனை மாதம் ஹீட்டர் போட்டு, துணி போர்த்தி, பனியைத் திட்டியிருப்போம்.

அக்கா வந்தார். "ஆச்சா? அதுக்குள்ளயா?" என்றார்.

"ஆச்சுக்கா."

"தட்டுங்க, கேப்போம்."

வாசிக்கத் தெரியாதே என்றேன். தெரிந்ததைச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு கம்பியாக, சும்மா ஒரு தரமும் அழுத்தி ஒரு தரமும் தட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறும் முடிந்தன. ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் அக்கா. "யாரோ ஒருத்தர் கிடாரு மாதிரி இருக்கு." முந்தானையால் அதை ஒருமுறை துடைத்துப் பைக்குள் வைத்தார். "இப்பக் கொடுத்துரலாம்."